புக்கெட்டில் முவாய் தாய்: உதைக்கப் போன இடமும் பணம் போன வழியும்

தாய்லாந்தின் புக்கெட் தீவில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நெருங்கும் வேன்காரரிடம் வாயைத் திறக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

விமான நிலையம் தீவின் வடக்குப் பக்கம் இருக்கிறது. முவாய் தாய் என்ற தாய்லாந்துச் சண்டைக் கலையின் பயிற்சிக்கூடங்கள் வரிசைகட்டி நிற்கும் சலோங் பகுதியோ தெற்கே, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து 600 பாட் (தாய்லாந்துப் பணம்) என்று பேசி ஏற்றினார்கள். பாதி வழியில் ஒரு சுற்றுலா ஏஜென்சி வாசலில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்க வேண்டுமாம், தங்குமிடத்தின் முகவரியைச் சரிபார்க்க வேண்டுமாம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் முகவரியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பீ பீ தீவுக்குப் படகு, யானைச் சவாரி, இரவுக் காட்சி என்று படம் போட்ட அட்டைகளை விரித்துவிட்டார். யாரும் எதுவும் வாங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் வண்டி கிளம்பியது. சலோங் வந்ததும், தெரு உள்ளே தள்ளி இருக்கிறது என்று மேலும் 200 பாட்.

"ஏட்டி, ரூபாயில் எவ்வளவு?" என்றார் மைனி, என் அண்ணன் மனைவி.

"இரண்டாயிரத்துக்கு மேல், மைனி."

"இந்தப் பணத்தில் நாம் இரண்டு பேரும் சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டே போய்த் திரும்பி வந்திருக்கலாமே!"

திரும்பும்போது சலோங்கிலிருந்து நீல நிற சோங்தேவில் புக்கெட் நகரத்து ரனோங் சாலைச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து விமான நிலையப் பஸ் பிடித்தோம். பஸ்ஸுக்குத் தலைக்கு 100 பாட். சோங்தேவ் என்பது பின்னால் இரண்டு பக்கமும் பலகை போட்ட திறந்த வண்டி. மெதுவாகத்தான் போகும். ஆனால் பாதி வழியில் இறக்கிவிட்டு யானையை விற்க மாட்டார்கள்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. சின்ன வயதிலிருந்தே சிலம்பம். தாத்தா வள்ளியூர்ப் பக்கம் ஆசானாக இருந்தவர். கம்பை வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கவும் பழக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அடிமுறை சொல்லித்தரக் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஆசான்கள் இருக்கும்போது வெளிநாடு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எதிரே ஒருவர் தாங்கிப் பிடிக்க, காலையும் மாலையும் முழுப் பலத்தோடு உதைக்கும் வசதி எனக்கு இங்கே அமையவில்லை. தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால் மைனியும் கணக்கு நோட்டோடு கிளம்பிவிட்டார். செலவு, விசா, தங்குமிடம், பயிற்சி என்று வரிசையாக எழுதித் தருவதாகப் பள்ளியில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். முயன்று பார்க்கிறேன்.

நெல்லையிலிருந்து திருச்சிக்கு ரயில், அங்கிருந்து விமானத்தில் கோலாலம்பூர், பிறகு புக்கெட். திருவனந்தபுரத்திலிருந்தும் கோலாலம்பூருக்கு விமானம் உண்டு. நாங்கள் பார்த்த வாரத்தில் திருச்சி மலிவாக இருந்தது. மலிவு விமானம் என்றால் கைப்பை 7 கிலோவுக்கு மேல் கூடாது. என் பையில் கையுறை, முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு, அதோடு பயிற்சியாளருக்கென்று ஒரு கிலோ அல்வா. கையுறைகளை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டபடியே விமானம் ஏறினேன். பாதுகாப்புச் சோதனையில் ஒருவர் அல்வாப் பொட்டலத்தை விரலால் அமுக்கி, இது திரவமா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த தமிழ்க் காவலர் சிரித்துவிட்டார். அல்வா தப்பியது.

நாங்கள் போனபோது இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா தேவைப்படவில்லை. இந்த விதியை அவர்கள் அடிக்கடி மாற்றுகிறார்கள். டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் தங்கிப் பயில விரும்புகிறவர்களுக்கு 2024இல் தொடங்கிய டிடிவி என்ற நீண்டகால விசா இருக்கிறது. முவாய் தாய் பயிற்சியும் அதில் ஏற்கப்படும் காரணங்களுள் ஒன்று. ஆனால் 5 லட்சம் பாட் சேமிப்பு காட்ட வேண்டும். எனக்குக் காட்ட அண்ணன் மட்டும்தான் இருக்கிறார். 2025 மே முதல், நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். நம் ஊரில் ஒரு பயண ஏஜென்ட் அதற்கு ஆளுக்கு 500 ரூபாய் கேட்டார்!

சலோங்கில் சோய் தா-இயட் என்று ஒரு தெரு. சண்டை கற்க வருகிறவர்களை நம்பியே அந்தத் தெரு பிழைக்கிறது. பயிற்சிக்கூடம், மசாஜ் கடை, புரோட்டீன் பானக் கடை, வாடகை ஸ்கூட்டர், மறுபடியும் பயிற்சிக்கூடம். சட்டையில்லாத வெள்ளைக்காரர்கள் கையுறையோடு நடுத்தெருவில் நடக்கிறார்கள். கோழியும் முட்டையும் வைத்த ஒரு தட்டுக்கு 220 பாட் எழுதியிருந்த கடையை மைனி வெளியே நின்றே திட்டிவிட்டு வந்தார். தெருவை விட்டுப் பெரிய சாலைக்கு வந்தால் அதே கோழி 60 பாட்டுக்குச் சோற்றோடு கிடைக்கிறது.

முதலில் சேர்ந்தது ஒரு பெரிய கூடம். அதில் பணம் கட்டிய ஒவ்வொரு பாட்டுக்கும் வயிறு எரிகிறது. தொடக்கநிலை வகுப்பில் நாற்பது பேர். பாதிப் பேர் கைப்பேசியைத் தூணில் சாய்த்து வைத்துத் தங்களையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் என் பக்கம் வருவதற்குள் மணி அடித்துவிடும். முடிந்ததும் அவரே சிரித்துக்கொண்டே வந்து, தனிப்பயிற்சி எடுத்தால் நன்றாக வரும், மணிக்கு 800 பாட் என்பார். வகுப்பில் சொல்லித்தர வேண்டியதை வகுப்புக்கு வெளியே விற்கிற வேலை நம் ஊர் டியூஷன்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அந்த வாரம் முடிந்ததும் தெருவின் கடைசியில், தகரக் கூரைக்குக் கீழே ஒற்றை ரிங் வைத்திருந்த சிறிய கூடத்துக்கு மாறினேன். வாரத்துக்கு 3,500 பாட், காலை மாலை இரண்டு வேளையும். வந்த காரியம் அங்கேதான் தொடங்கியது.

அங்கே எனக்கு உதையைத் தாங்கும் பேட் பிடித்தவர் ஈசான் பகுதிக்காரர். தாய்லாந்தின் வடகிழக்கு அது. நெல் விளையும் ஏழைப் பூமி. பேர்பெற்ற சண்டைக்காரர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். இவரும் எட்டு வயதில் ரிங் ஏறியவராம். அவரை எல்லோரும் க்ரூ, அதாவது ஆசான், என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய கணுக்காலுக்கு மேலே ஒரு மயிர்கூட இல்லை. எலும்பின் விளிம்பு மேடும் பள்ளமுமாக இருந்தது. முன்கையில் மாட்டிய பேட்களின் தோல் கிழிந்து, வெள்ளை நாடாவால் சுற்றப்பட்டிருந்தது.

சிலம்பத்தில் நாம் கால் மாற்றிக்கொண்டே இருப்போம். குறுக்கே வைத்துத் திரும்புவது நம் உடம்பில் ஊறியது. இங்கே குறுக்கே வைத்த கணமே அவர் பாதம் வந்து என் பாதத்தைத் தட்டிவிடும், நான் தரையில் கிடப்பேன். திட்டவும் மாட்டார், விளக்கவும் மாட்டார். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு விஷயம். முதல் நாள் முழுவதும் இடது குதிகால் மட்டும்தான். வலது காலால் உதைக்கும்போது இடது குதிகால் தரையை விட்டு எழும்ப வேண்டும், பாதம் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், அப்போதுதான் இடுப்பு சுழலும். இடுப்பு சுழலாமல் தூக்கிய கால் வெறும் கால்தான். வலது கையை அதே நேரத்தில் கீழே வீச வேண்டும். படுகிற இடம் புறங்கால் அல்ல, முன்கால் எலும்பு. இத்தனையும் சேர்ந்து வந்த முதல் உதைக்கு அவர் பேட்டை அரை அடி முன்னால் கொண்டுவந்து வாங்கினார். தகரக் கூரை அதிர்ந்தது. மைனி பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

அந்த அரை அடியில்தான் அந்த மனிதருடைய வித்தை இருக்கிறது. உதை சரியில்லை என்றால் பேட் அப்படியே நிற்கும். சத்தம் மொத்தையாக வரும். சரியாக இருந்தால் அவர் எடையைப் போட்டு முன்னால் வந்து வாங்குவார். நான் வாய் திறந்து எதுவும் கேட்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். கை இறங்கினால் என் விலாவில் அவர் பாதம் மெல்லப் பட்டுவிட்டுப் போகும். வலிக்காது. ஆனால் அதற்குப் பிறகு கை இறங்காது.

அங்கேயே வளர்ந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியுடன் கிளிஞ்ச் பழகினேன். இருவரும் பிடரியைப் பிடித்துக்கொண்டு, முழங்கைகளை உள்ளே நுழைத்து, எதிராளியின் தலையை இழுத்து முழங்காலால் தாக்குவது. என்னைவிடப் பத்து கிலோ குறைவாக இருப்பாள். அவள் நெற்றி என் கழுத்தெலும்பில் ஊன்றியிருந்தது. மெந்தால் தைல வாடை கண்ணை எரித்தது. ஒரு நிமிடத்தில் என் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் மைதானத்தில் நிற்கிறவளுக்கு வெப்பம் பொருட்டல்ல என்று இறுமாந்திருந்தேன். பாளையங்கோட்டை வெயிலில் வியர்வை காய்ந்துவிடும். புக்கெட்டில் மே மாதம் மழை தொடங்கிவிடுகிறது. வியர்வை காயவே காயாது, பிழிந்துதான் எடுக்க வேண்டும்.

அல்வாவை க்ரூவிடம் கொடுத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். பிறகு விரல்களில் மினுங்கிய நெய்யை முகர்ந்து பார்த்துவிட்டு முன்கால் எலும்பில் தேய்த்துக்கொண்டார். கூடமே சிரித்தது. மறுநாள் பொட்டலத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்குப் பதிலாக அவர் எங்களைக் கூட்டிப்போன ஈசான் கடையைச் சொல்லியே ஆக வேண்டும். நான்கு பிளாஸ்டிக் மேசைகள். கரியில் சுட்ட கோழி, சிறு மூங்கில் கூடையில் ஒட்டுச்சோறு, சோம் தாம். சோம் தாம் என்பது பச்சைப் பப்பாளியைச் சீவி, மண் உரலில் மர உலக்கையால் இடித்துச் செய்வது. கடைக்கார அம்மா முதலில் பூண்டையும் ஊசி மிளகாயையும் போட்டு நசுக்கினார். பிறகு பனைவெல்லம், எலுமிச்சை, மீன் சாறு, காய்ந்த இறால், வேர்க்கடலை, கடைசியில் பப்பாளி. ஒரு கையால் இடித்துக்கொண்டே மறுகைக் கரண்டியால் புரட்டினார். ஒட்டுச்சோற்றைக் கையால் உருட்டித்தான் சாப்பிட வேண்டும். கரண்டி, முள்கரண்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மைனிக்கு அன்றுதான் சாப்பிட்ட நிறைவு. மூன்று பேருக்கும் சேர்த்து 310 பாட். நோட்டில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை இரவு சண்டை பார்க்கப் போனோம். டிக்கெட் 1,500 பாட். அதை எழுதும்போதே கை நடுங்குகிறது. சுற்று மூன்று நிமிடம், ஐந்து சுற்றுகள். சண்டைக்கு முன்னால் இருவரும் குருவை வணங்கி ராம் முவாய் ஆடுகிறார்கள். தலையில் இருக்கும் மோங்கொன் வளையத்தை ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் கழற்றுகிறார். ஓரத்தில் பீ என்ற ஊதுகுழல், இரண்டு மத்தளம், சிறு தாளம். சுற்று ஏற ஏற வேகமும் ஏறுகிறது. சுடலைமாடன் கொடையில் சாமி வரும் நேரத்து நையாண்டி மேளத்தைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த இசை அந்நியமாகவே தோன்றவில்லை.

ஆனால் ஒன்று பிடிக்கவில்லை. ஆண்கள் ரிங்கின் மேல் கயிற்றைத் தாண்டி உள்ளே குதிக்கிறார்கள். பெண்கள் அடிக்கயிற்றுக்குக் கீழே நுழைந்து போக வேண்டுமாம், வழக்கமாம். பாங்காக்கின் புகழ்பெற்ற லும்பினி அரங்கத்தில் பெண்களின் சண்டையே 2021 நவம்பரில்தான் முதன்முதலாக நடந்திருக்கிறது. அந்த அரங்கம் தொடங்கியது 1956இல்! என்னோடு கிளிஞ்ச் பழகிய பெண்ணும் அன்று சண்டையிட்டாள். தரையோடு குனிந்து நுழைந்து, எழுந்து, மூன்றாவது சுற்றில் முழங்காலால் முடித்துவிட்டு, அதே கயிற்றுக்குக் கீழே மறுபடியும் குனிந்து வெளியே வந்தாள். சாமி பெயரைச் சொல்லிப் பெண்ணைத் தள்ளி நிறுத்துவது நமக்கும் புதிதில்லை என்றாலும், வென்றவளைக் குனியவைப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

விட்டுப்போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏடிஎம்மில் எடுத்த ஒவ்வொரு முறைக்கும் நாங்கள் போனபோது 220 பாட் கட்டணம் பிடித்தார்கள், சில்லறையாக எடுக்காதீர்கள். ஸ்கூட்டர் வாடகை நாளுக்கு 250 பாட். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே வாங்கலாம், ஆனால் உங்கள் உரிமத்தில் இருசக்கர வாகனம் இருக்க வேண்டும். பயணக் காப்பீட்டில் பல திட்டங்கள் சண்டைப் பயிற்சியில் படும் காயத்துக்குப் பணம் தராது; சிறிய எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கையுறை நீங்கள் இங்கிருந்து சுமக்க வேண்டாம், அந்தத் தெருவிலேயே நல்லது கிடைக்கிறது.

இருவருக்கும் சேர்த்து மைனியின் நோட்டில் செலவு ஒன்றேகால் லட்சத்தை நெருங்கியது. அதில் பயிற்சிக்குப் போனது கால் பங்குகூட இல்லை. மீதியெல்லாம் விமானம், அறை, வேன், டிக்கெட். அடுத்த கோடை விடுமுறையில் புக்கெட் பக்கமே போகப்போவதில்லை. ஈசானில் தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் கூடம் வைத்திருக்கிறார், தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே என்று க்ரூ சொல்லியிருக்கிறார். கடல் கிடையாது, கடைத்தெரு கிடையாது, கோடையில் நம் ஊர் அளவுக்குக் காயுமாம். மைனி இப்போதே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் இன்னும் பேச்சை எடுக்கவில்லை.