காங்கோவிலிருந்து வீட்டுக்கு

ராணுவத்தில் எனக்கு நர்சிங் அசிஸ்டென்ட் வேலை. ஐ.நா. அமைதிப்படைக்காக ஓராண்டு காங்கோவின் கிழக்கே கோமா நகரில், நம் ராணுவம் நடத்திய மருத்துவமனையில் இருந்தேன். நகரை ஒட்டியே நியிராகோங்கோ எரிமலை. 2002-இல் அதன் குழம்பு ஊருக்குள்ளேயே ஓடியது. இறுகிய அந்தக் கருங்கற்களை அடுக்கித்தான் அங்கே மதில் எழுப்புகிறார்கள். குண்டடி பட்டு வந்த பல நாட்டு வீரர்களுக்குக் கட்டுப் போட்டேன். சில முகங்கள் ஊர் திரும்பிய பிறகும் கண்ணை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில், கம்மவான்பேட்டைக்குப் பக்கம். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பகுதி என்பதால், திரும்பி வருபவனை வரவேற்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. காட்பாடி ஸ்டேஷனுக்கு மாமனார் மட்டும் வந்தார். ஓய்வு பெற்ற ஹவில்தார். டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “சாப்பிட்டீர்களா மாப்பிள்ளை?” என்றார். வழிநெடுக ஏரி நிரம்பியதையும் நெல் விலையையும் பேசினாரே தவிர, காங்கோ என்று வாயெடுக்கவில்லை.

இப்போதெல்லாம் பேண்டு வாத்தியம், பிளெக்ஸ் என்று ஊரே திரண்டு வரவேற்கிறது. அந்த அன்பு மெய்யானது, குறை சொல்லமாட்டேன். ஆனால் நள்ளிரவு ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு எழுந்தே பழகியவனுக்கு முதலில் வேண்டியது தூக்கமும், கேள்வி கேட்காத மனிதர்களும்தான்.

வாசலில் அம்மா ஆரத்தி எடுத்தார். வீடியோ காலில் “அப்பா” என்று கத்தும் மகள், நேரில் கண்டதும் தன் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். “அவளாக வருவாள், விடுங்கள்” என்றாள் மனைவி. இரண்டொரு நாளில் என் செருப்பைத் தூக்கி வந்து காலடியில் போட்டு, கடைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள் மகள்.

நான் எடுத்துவந்தது வாரம் ஒரு முறை போடும் மலேரியா தடுப்பு மாத்திரை. அதை ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். வீடு வந்துவிட்ட மிதப்பில் பலர் விட்டுவிடுகிறார்கள். மனைவி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு, சோற்றுத் தட்டோடு மாத்திரையையும் வைத்தாள். அப்படியும் விடுப்பு முடிவதற்குள் ஒரு காய்ச்சல். டாக்டர் கேட்பதற்கு முன்பே, “ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறார், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்” என்றாள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் மறுநாள் திரும்பவும் அழைத்துப் போனாள். ஒரு முறை இல்லையென்று வந்தால் மட்டும் போதாது என்று நான் எப்போதோ போனில் சொன்னதை அவள் மறக்கவில்லை.