ஒலிம்பிக் பதக்கம் இல்லாத உலக சாதனையாளர்: இங்க்ரிட் கிறிஸ்டியான்சென்

நெடுந்தொலைவு ஓட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் யார் என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் பெயர் பெரும்பாலோருக்குப் பழக்கமில்லாததாக இருக்கிறது. நார்வேயைச் சேர்ந்த இங்க்ரிட் கிறிஸ்டியான்சென் ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலம்கூட வென்றதில்லை. ஆனால் 1986 ஆகஸ்ட் முதல் 1993 வரை 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்று தொலைவுகளிலும் பெண்களுக்கான உலக சாதனை அவர் பெயரிலேயே இருந்தது. இப்படிப்பட்ட ஒருவர் பதக்கப் பட்டியலில் காணாமல் போனதற்கு அவர் ஓடிய காலமே முதன்மையான காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1980 வரை ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட அனுமதிக்கப்பட்ட மிக நீண்ட தொலைவு 1,500 மீட்டர்தான். மாரத்தான் 1984இலும், 10,000 மீட்டர் 1988இலும், 5,000 மீட்டர் 1996இலும்தான் சேர்க்கப்பட்டன.

1956இல் ட்ரொண்ட்ஹெய்ம் நகரில் பிறந்த அவர், தொடக்கத்தில் பனிச்சறுக்கு வீராங்கனையாகவும் இருந்தார். 1978இல் லாட்டியில் நடந்த உலகப் பனிச்சறுக்குப் போட்டியில் நார்வே அணிக்காகப் பங்கேற்றார். அதே ஆண்டில்தான் அவருடைய நாட்டைச் சேர்ந்த கிரெட்டே வைட்ஸ் நியூயார்க் மாரத்தானை முதன்முறையாக வென்று உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். வைட்ஸின் பெருமையில் எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்லை. ஆனாலும் நாற்பத்தைந்து இலட்சம் மக்கள்கூட இல்லாத ஒரு நாட்டில் இப்படி இருவர் ஒரே காலத்தில் தோன்றியதால், இளையவர் நீண்டகாலம் மூத்தவரின் நிழலிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

1983 மார்ச்சில், தாம் கருவுற்றிருப்பதை அறியாமலேயே உலகக் கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மேடுபள்ளங்களில் ஓடும் பந்தயம்) போட்டியில் ஓடி அவர் 35ஆவது இடத்தைப் பெற்றார், வென்றவர் வைட்ஸ். அந்த ஆகஸ்டில் மகன் பிறந்தான். ஐந்து மாதங்கள் கழித்து, 1984 ஜனவரியில், ஹூஸ்டன் மாரத்தானை 2 மணி 27 நிமிடம் 51 நொடியில் வென்றார். பிள்ளை பெற்ற பெண்ணின் ஓட்டம் அத்தோடு முடிந்துவிடும் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. மே மாதம் லண்டன் மாரத்தானை வென்றவர், ஜூனில் ஓஸ்லோவில் 5,000 மீட்டரை 14 நிமிடம் 58.89 நொடியில் ஓடி, அத்தொலைவை 15 நிமிடங்களுக்குள் கடந்த முதல் பெண்ணானார்.

அந்த வேகத்தோடுதான் அவர் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் முதல் பெண்கள் மாரத்தானுக்குப் போனார். ஐந்து கிலோமீட்டர் அளவிலேயே அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் தனியே முன்னேறிச் சென்றுவிட, வைட்ஸும் கிறிஸ்டியான்செனும் மற்றவர்களோடு பின்னால் தங்கினார்கள். பெனாய்ட் திரும்பக் கைக்கு எட்டவே இல்லை. வைட்ஸுக்கு வெள்ளியும் போர்ச்சுகலின் ரோசா மோட்டாவுக்கு வெண்கலமும் கிடைக்க, கிறிஸ்டியான்சென் 37 நொடி வித்தியாசத்தில் நான்காவதாக வந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் லண்டனில் அவர் ஓடிய 2:21:06, பெனாய்ட்டின் உலகச் சாதனையைவிட ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் குறைவு.

ஆனால் அவரை முழுமையாகப் புரிந்துகொள்ள 1986ஆம் ஆண்டைத்தான் பார்க்க வேண்டும். ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை வென்றார். ஜூலை 5 அன்று ஓஸ்லோவின் பிஸ்லெட் அரங்கில் 10,000 மீட்டர் ஓடினார். அங்கே முந்தைய ஆண்டு அவரே 31 நிமிடங்களுக்குள் முதன்முதலாக ஓடி 30:59.42 என்று நிறுவியிருந்த சாதனை, அன்று 30:13.74 ஆகியது. ஒரு சாதனையிலிருந்து ஒரே ஓட்டத்தில் ஏறத்தாழ 46 நொடிகளைக் குறைப்பது எவ்வளவு பெரியது என்பதை இப்படிப் பார்க்கலாம்: 400 மீட்டர் சுற்று ஒன்றுக்குச் சராசரியாக எழுபத்திரண்டரை நொடி, அதுவும் இருபத்தைந்து சுற்றுகளுக்கு. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று ஸ்டாக்ஹோமில், 5,000 மீட்டரை 14:37.33இல் முடித்து பிரிட்டன் வீராங்கனை ஜோலா பட்டின் சாதனையைப் பத்து நொடிக்கும் மேல் முறியடித்தார். அதே மாத இறுதியில் ஸ்டுட்கார்ட்டில் ஐரோப்பிய 10,000 மீட்டர் தங்கம், அக்டோபரில் சிகாகோ மாரத்தான். தடகளத்தின் வேகத்தையும் மாரத்தானின் தாங்குதிறனையும் ஒரே பருவத்தில் இந்த அளவுக்கு வெளிப்படுத்திய வேறொரு வாழ்வை நான் படித்ததில்லை. அந்த ஆண்டில் ஒலிம்பிக்கும் இல்லை, உலகச் சாம்பியன் போட்டியும் இல்லை.

பயிற்சியாளர் யோஹான் காகெஸ்டாடின் வழிகாட்டலில், பனி மூடிய குளிர்காலங்களில் அவர் டிரெட்மில்லில் நிறையப் பயிற்சி செய்தார். அப்போது முன்னணி வீரர்களிடையே அது அரிதான வழக்கம். போட்டியிலும் பிறர் ஆடும் தந்திர ஆட்டத்துக்குக் காத்திராமல், தொடக்கத்திலேயே முன்னே சென்று தனியாக ஓடுவதே அவர் பாணி. 1987இல் ரோமில் உலகச் சாம்பியன் ஆனதும் அப்படித்தான். மறு ஆண்டு ஆக்லாந்தில் கிராஸ் கன்ட்ரி பட்டத்தையும் வென்றார்.

பிறகு சியோல். அவருடைய தொலைவான 10,000 மீட்டர் ஒருவழியாகப் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் வந்துசேர்ந்தது. இறுதிப் போட்டியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோதே பாதத்தில் ஏற்பட்ட காயத்தால் அவர் விலக நேர்ந்தது. அந்தப் பந்தயத்தைப் பற்றி எப்போது படித்தாலும் மனம் கனக்கிறது.

1989இல் பாஸ்டனையும் நியூயார்க்கையும் வென்றபோது, லண்டன், சிகாகோவோடு சேர்த்து அன்றைய பெரிய மாரத்தான்கள் நான்கும் அவர் வசமாகியிருந்தன. லண்டனில் அவர் நிறுவிய 2:21:06 சாதனையை 1998இல்தான் கென்யாவின் டெக்லா லோரூப்பே முறியடித்தார், அதுவும் 19 நொடி வித்தியாசத்தில்.