'அவர்' என்பது 'நீர்' ஆகும் இடம்

கண்ணை மூடி உருகிப் பாடினால் பாட்டு ஜெபமாகிவிடும் என்று பல கொயர் (கோயில் பாடகர் குழு) பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கண்ணைத் திறந்துகொண்டுதான் செய்ய வேண்டும். பென்சிலை எடுத்துப் பாட்டின் ஒவ்வொரு வரியும் யாரிடம் பேசுகிறது என்று குறியுங்கள்.

'வாருங்கள்', 'பாடுங்கள்' என்று வந்தால் அது பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்வது. 'அவர் செய்தார்' என்றால் சாட்சி. 'நீர்', 'உம்மை', 'தாரும்' என்று வாயில் வரும்போதுதான் பேச்சு கடவுளிடம் திரும்புகிறது. மூன்றும் ஆராதனைக்கு வேண்டியவைதான். ஆனால் ஐந்து பாட்டு எடுத்து ஐந்திலும் 'வாருங்கள்' என்றே இருந்தால், கடைசி வரை ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

23-ம் சங்கீதத்தைப் பாருங்கள். முதல் மூன்று வசனங்களில் 'அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து' என்று வெளியில் நின்று சொல்லும். நாலாவதில், இருண்ட பள்ளத்தாக்கு வந்ததும், 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்று திரும்பிவிடும். கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பிலும் அதே இடத்தில்தான் 'நீர்' வருகிறது. எந்த மெட்டில் பாடினாலும் அந்த இடத்தில் தபேலா நிற்கட்டும். கீபோர்டில் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை) பிடித்திருந்தால் போதும். முன்னால் பாடுபவர் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிக்கொள்ளட்டும். வேகத்தை மட்டும் குறைக்காதீர்கள், குறைத்தால் நாடகமாகிவிடும்.

('பாடுகிறவன் இருமுறை ஜெபிக்கிறான்' என்று புனித அகுஸ்தீனார் பெயரில் கொயர் அறைச் சுவர்களில் தொங்கும் வாசகம் அந்த வடிவத்தில் அவர் எழுத்தில் இல்லை. புகழ்ந்து பாடுகிறவன் தான் பாடுகிறவரை நேசிக்கவும் செய்கிறான் என்பதுதான் அவர் சங்கீத விளக்கத்தில் எழுதியது. எனக்கு இதுவே மேல்.)

அடுத்தது கட்டை, அதாவது பாட்டின் ஸா எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கான எண். ஒரு கட்டை என்றால் மேற்கத்திய 'சி'. சபை வாயை மூடிக்கொள்வதற்குப் பக்திக் குறைவு காரணமில்லை, பெரும்பாலும் சுருதிதான் காரணம். பயிற்சி பெறாத கூட்டத்துக்கு மேல் எல்லை ஒரு கட்டையின் மேல் ஸாவுக்கு அடுத்த ரி, அதாவது மேற்கத்திய 'டி'. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். கீர்த்தனைகளில் பல்லவி நடுவிலேயே சுற்றும், சரணம் மேல் ஸ்தாயிக்குத் தாவும். ஆகவே கட்டையைப் பல்லவியை வைத்து முடிவு செய்யக் கூடாது. சரணத்தின் உச்ச ஸ்வரத்தைத் தேடுங்கள். அது மேல் காந்தாரம் என்றால் ஒரு கட்டையில் 'ஈ' வரை போகிறது, பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். கீழ் ஸ்தாயியின் 6½ கட்டைக்கு இறக்கினால் உச்சி 'டி'-யில் நிற்கும். காலை ஆறு மணிப் பூசை என்றால் இன்னும் அரைக் கட்டை கீழே. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி இறக்கியவர் அடுத்த பாட்டுக்கு அதைப் பழையபடி வைக்க மறப்பார். அடுத்த பாட்டு குழம்பியதற்குப் பழி சபையின் தலையில் விழும்.

ஏற்காட்டில் இன்னொரு தொல்லை உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். பனி மூட்டம் கோயிலுக்குள்ளேயே வந்து உட்காரும் காலை. தபேலாத் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து, சுருதி இறங்கும். ஆர்மோனியத்தின் நாக்கு பித்தளை, அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆராதனை தொடங்கும் முன் சுத்தியால் தட்டிச் சேர்த்துவிடலாம். ஆனால் பிரசங்கம் முடிவதற்குள் வெயில் ஏறினால் தோல் காய்ந்து சுருதி மேலே போயிருக்கும். காணிக்கைப் பாட்டுக்கு முன் ஒரு தடவை சோதிப்பது நல்லது. ஒரு தபேலா தாங்குவது ஏறக்குறைய ஒரு கட்டை மாற்றம்தான். ஐந்து பாட்டுக்கு ஐந்து சுருதி வைத்தால் இரண்டில் தபேலாவை ஓரமாக வைத்துவிடலாம்.

கீழே சேலத்தில் எதிரி மின்விசிறி. ஏப்ரலில் அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்காது. பக்கத்துக் குரல் கேட்காதவர் பாடமாட்டார். உடனே ஸ்பீக்கரைக் கூட்டுவார்கள், அப்போது தன் குரலும் தனக்குக் கேட்காமல் போகும். கொயரில் நாலைந்து பேரை எடுத்து நடு பெஞ்சுகளில் பரவலாக உட்கார வையுங்கள். இரண்டாவது சரணத்திலிருந்து முன்மைக்கைக் குறைத்துவிடுங்கள்.

பாட்டு இழுபடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். பின்மாடத்து ஆர்கனுக்கும் பீடத்தருகே நிற்பவர்களுக்கும் 34 மீட்டர் என்றால் பத்தில் ஒரு நொடி தாமதம். அவர்கள் தாமதமாகக் கேட்டுத் தாமதமாகப் பாடுவார்கள், அது திரும்பி வர இன்னொரு பத்தில் ஒரு நொடி. ஆர்கன் வாசிப்பவர் அதற்காகக் காத்தால் அவர்களும் காப்பார்கள். வாசிப்பவர் சபையைக் கேட்டு வாசிக்கக் கூடாது. நடத்துபவரின் கையைப் பார்த்து வாசிக்க வேண்டும்.

பாமாலை என்ற சபைப் பாட்டுப் புத்தகத்தின் பாடல்களில் பலவும் ஜெர்மன், ஆங்கில மெட்டுகளுக்குள் தமிழை உட்கார வைத்தவை. மெட்டு நீட்டும் இடத்தில் குறில் வந்தால் பொருள் கெடும். 'பரம்' நீண்டால் 'பாரம்', வானம் சுமையாகிவிடும். 'மலை' 'மாலை' ஆகும். நெடிலாக்காமல், குறிலை அளவோடு பாடிவிட்டு மிச்ச நேரத்தை அடுத்த அசைக்குக் கொடுங்கள். 'பரம்' என்றால் மூடிய 'ம்'மில் கொஞ்சம் நிற்கலாம். 'உம்மை' என்ற சொல்லை 'உம்' என்று பாடி, நடுவில் மூச்சு வாங்கி, 'மை' என்று எடுக்கக் கூடாது. மூச்சுக் குறியைத் தாளிலேயே போட்டுவிடுங்கள். நேரமில்லையென்று '1, 2, 4 சரணங்கள்' என்று அறிவிக்கும் வழக்கம் வேறு. விடப்படுகிற மூன்றாவது சரணத்தில்தான் 'நீர்' வருகிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டண்ட் சங்கம் 1827-ல் வந்த ஊர் சேலம். 1930-ல் கத்தோலிக்க மறைமாவட்டமும் ஆனது. கலப்புத் திருமணங்களிலும் ஐக்கிய ஆராதனைகளிலும் ஒரு பக்கம் 'கர்த்தர்', இன்னொரு பக்கம் 'ஆண்டவர்' என்று ஒரே சங்கீதம் இரண்டாகப் பிளக்கும். ஏதாவது ஒன்றை மட்டும் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவதே வழி.

பெரிய வியாழன் மாலை, 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதத்தோடு கத்தோலிக்கக் கோயில்களில் மணி ஓய்ந்துவிடும். இசைக்கருவியும் அதற்குப்பின் பாட்டைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே. பல இடங்களில் அதையும் மூடிவிட்டு வெறும் குரலில் பாடுவார்கள். அங்கே சுருதி கொடுப்பவர் பதற்றத்தில் ஒன்றரைக் கட்டை ஏற்றித் தொடங்கிவிடுவது சகஜம், மூன்றாவது வரியில் கோயிலே கீச்சிடும். பாட்டுத் தாளின் மூலையில் கட்டையை எழுதி, போனிலுள்ள டியூனரைச் சத்தமில்லாமல் வைத்து ஸாவை முனகிச் சரிபார்த்துக்கொண்டு எழுந்தால் போதும்.