பாடம் நடத்திய தளபதி: ஹனோவர் நாட்குறிப்பு

4 மே 2024, சனி

தனித் தலைமை ஏற்று ஒரு பெரிய போரைக்கூட ஜெயிக்காதவர். மேடையில் பேச்சு வராது. உடுப்பைப் பார்த்தால் படைக்காரர் என்றே தோன்றாதாம். ஆனாலும் ஜெர்மனியில் பல ஊர்களில் அவர் பெயரில் தெரு இருக்கிறது. கெர்ஹார்ட் ஷார்ன்ஹோர்ஸ்ட். மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் சும்மா உட்கார முடியாமல் இந்த மனிதரைப் பிடித்துக்கொண்டேன். பாலிடெக்னிக்கில் கணக்குப் பாடம், மாலையில் என்.சி.சி. பரேட் என்று காலம் தள்ளியவனுக்கு, வாத்தியாராகவும் தளபதியாகவும் இருந்த ஒருவர்மேல் ஆர்வம் வந்ததில் ஆச்சரியமில்லை.

பிறப்பு 1755 நவம்பர் 12, ஹனோவருக்குப் பக்கத்தில் போர்டனாவ் என்ற கிராமம். அப்பா குதிரைப்படையில் கீழ்நிலைப் பதவியில் இருந்துவிட்டு வந்த குத்தகை விவசாயி. அம்மா வீட்டில் கொஞ்சம் வசதி, அதோடு ஒரு சொத்து வழக்கு. ஐரோப்பாவில் அதிகாரி ஆவதற்குப் பெயருக்கு முன்னால் பிரபு குலப் பட்டம் வேண்டியிருந்த காலம் அது. இந்தப் பையனுக்கு அது இல்லை.

7 மே, செவ்வாய்

அவருக்குக் கதவு திறந்தது ஒரு விசித்திரமான இடத்தில். ஷாம்பர்க் லிப்பே என்பது வரைபடத்தில் விரலால் மறைத்துவிடக்கூடிய குட்டி நாடு. அதை ஆண்ட வில்ஹெல்ம் பிரபு 1762-ல் போர்ச்சுகலுக்குப் போய், ஸ்பெயினுக்கு எதிரான கூட்டுப்படைக்குத் தலைமை தாங்கியவர். அவர் ஷ்டைன்ஹூட ஏரிக்கு நடுவில் கல்லைக் கொட்டி ஒரு செயற்கைத் தீவும் அதன்மேல் ஒரு கோட்டையும் எழுப்பினார். பெயர் வில்ஹெல்ம்ஷ்டைன். அங்கேயே ஒரு சின்னப் போர்க்கல்விப் பள்ளி. பட்டம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. 1773-ல் ஷார்ன்ஹோர்ஸ்ட் சேர்ந்தார்.

11 மே, சனி

இன்று குடும்பத்தோடு தீவுக்குப் போய் வந்தோம். ஷ்டைன்ஹூட கரையிலிருந்து படகு. ஏரி பார்க்கக் கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது, ஆழமோ சராசரியாக ஒன்றரை மீட்டர் அளவுதான். கல் ஏற்றிய படகுகளை அந்தக் காலத்து மீனவர்கள் வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். வேலை முடிய 1761-லிருந்து 1767 வரை ஆனது.

தீவு இவ்வளவு சிறியது என்று நினைக்கவே இல்லை. நடுவில் கோட்டை, சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள். பேரன் அரை மணியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஐஸ்க்ரீம் கேட்க ஆரம்பித்துவிட்டான். மீன் வடிவில் ஒரு நீர்மூழ்கிப் படகுக்கும் இங்கே திட்டம் தீட்டியிருந்தார்கள். அதைச் சொன்னதும்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எனக்கு ஓடியது வேறு யோசனை. கணக்கு, இயற்பியல், வரைபடம், மொழிகள், வரலாறு எல்லாம் இங்கே பாடம். காலையில் படித்ததை மதியம் பீரங்கியில் செய்து பார்க்கலாம். ஓடிப்போக இடமில்லை, வேடிக்கை பார்க்கக் கடைத்தெரு இல்லை. இப்படி ஒரு விடுதிப் பள்ளி எனக்குக் கிடைத்திருந்தால் மாணவர்களின் வருகைப் பதிவேட்டோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன்! பிரபு 1777-ல் இறந்தார். அடுத்த வருஷமே ஷார்ன்ஹோர்ஸ்ட் ஹனோவர் படைக்கு மாறினார். பத்து வருஷம் கழித்து, 1787-ல் ஹெஸ்ஸே படை அந்தக் குட்டி நாட்டையே பிடித்துக்கொண்டபோதும் இந்தத் தீவை மட்டும் பிடிக்க முடியவில்லை.

கரைக்கு வந்து புகை போட்ட விலாங்கு மீன் வாங்கினோம். ஊர்ப் பெருமை அதுதானாம். மருமகள் தொடவே இல்லை, நானும் மகனும் முடித்தோம்.

15 மே, புதன்

ஹனோவர் வருஷங்கள். முதலில் ஒரு குதிரைப்படை ரெஜிமென்டில் சேர்ந்து அங்கே இருந்த பள்ளியில் பாடம் நடத்தினார். அப்புறம் பீரங்கிப் படைக்கு மாறி அதன் பள்ளியிலும் வாத்தியார் வேலை. பட்டம் இல்லாதவர்கள் ஓரளவாவது மேலே வர முடிந்தது பீரங்கிப் படையில்தான். கோணமும் தூரமும் கணக்குப் போடத் தெரியாதவன் எவ்வளவு பெரிய குலத்தில் பிறந்திருந்தாலும் குண்டு குறி தவறித்தானே விழும்.

பாடம் மட்டுமல்ல, எழுத்தும் ஓயவில்லை. படை அதிகாரிகளுக்கென்று பத்திரிகைகள் நடத்தினார். கணக்கும் போர்க்கலையும் கலந்த கையேடு ஒன்றை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 1792-ல் களத்துக்கு எடுத்துப்போகிற மாதிரி ஒரு பாக்கெட் புத்தகம். சம்பளம் குறைவு, குடும்பம் பெரிசாகிக்கொண்டிருந்தது, எழுத்து வருமானம் தேவைப்பட்டது. அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷங்களைப் படிக்கும்போது நம்ம ஊர் ஒன்று எதிரில் வந்தது. ஹனோவரின் ஆட்சியாளரும் இங்கிலாந்தின் அரசரும் ஒருவரே, மூன்றாம் ஜார்ஜ். அதனால் ஹனோவர் படையின் இரண்டு ரெஜிமென்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கப்பலேறி மதராஸ் வந்தன. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துச் சண்டை போட்டவர்களில் அவர்களும் உண்டு. ஷார்ன்ஹோர்ஸ்ட் அப்போது ஹனோவரில் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். மகனிடம் சொன்னால், "அப்பா, எதைப் படித்தாலும் கடைசியில் கடலூரில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறீர்கள்" என்கிறான். என்ன செய்ய, மாமியார் ஊர் அதுதானே.

19 மே, ஞாயிறு

பெந்தெகொஸ்தே விடுமுறை. கடை எல்லாம் மூடி. முழு நாளும் படிப்பு.

வாத்தியார் கடைசியில் களத்துக்குப் போனது 1793-ல், 37 வயதில். புரட்சி நடந்த பிரான்ஸை எதிர்த்து ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பக்கம்) போர். அடுத்த வருஷம் ஏப்ரலில் மெனன் என்ற சின்ன ஊரில் ஹம்மர்ஷ்டைன் என்ற தளபதியின் படை முற்றுகையில் மாட்டியது. உள்ளே சுமார் 2,000 பேர், வெளியே கிட்டத்தட்ட பத்து மடங்கு. சரணடையாமல் இரவில் முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அந்தத் திட்டத்தில் ஷார்ன்ஹோர்ஸ்டின் பங்கு பெரியது என்று ஹம்மர்ஷ்டைனே எழுதிக் கொடுத்தார். பதவி உயர்வு வந்தது.

இவரை எனக்குப் பிடித்துப்போனது இதற்கு அப்புறம் அவர் செய்ததால்தான். வீரக்கதை பேசிக்கொண்டு திரியாமல், அந்த ஊரின் பாதுகாப்பைப் பற்றி விரிவாக எழுதி 1803-ல் வெளியிட்டார். அவர் பாடமுறையே இப்படித்தான்: விதியை முதலில் சொல்லி மனப்பாடம் செய்ய விடாமல், நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு நிலம், நேரம், ஆள் எண்ணிக்கை, கட்டளை என்று பிரித்துப் போட்டு, பொது விதிக்கு அதிலிருந்து மேலே ஏறுவது.

இன்னொரு கட்டுரை 1797-ல். பிரெஞ்சுக்காரர்கள் ஏன் ஜெயிக்கிறார்கள்? அதிர்ஷ்டம், வெறி என்று மற்ற அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் காரணத்தை இரண்டு சமூகங்களின் உள் அமைப்பில் தேடினார். அங்கே நாடு தன்னுடையது என்று நினைத்துப் போரிடுகிற மக்கள், இங்கே அரசர்களுக்காகச் சம்பளத்துக்கும், பிரம்படிக்குப் பயந்தும் நிற்கிறவர்கள். ஒரு அரசரின் சம்பளத்தில் இருந்துகொண்டு இதை எழுத ஒரு தைரியம் வேண்டும்.

21 மே, செவ்வாய்

1801-ல் பிரஷ்யா, பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மன் அரசு. வேலைக்கு வர அவர் வைத்த நிபந்தனைகளில் லெப்டினன்ட் கர்னல் பதவியும் பிரபு குலப் பட்டமும் உண்டு. பட்டமில்லாதவனுக்கு வழி திறந்துவிடப் போகிறவர், முதலில் தனக்குப் பட்டம் கேட்டு வாங்கினார்! கெட்டிக்காரர்தான், வேறென்ன சொல்ல. அது இல்லாமல் பெர்லினில் யாரும் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பெர்லினில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரியின் பொறுப்பு கிடைத்தது. அங்கே 1801-ல் வந்து சேர்ந்தவர்களில் 21 வயதுப் பையன் ஒருவன்: கார்ல் ஃபான் கிளவுஸ்விட்ஸ். சிறு வயதிலேயே படையில் சேர்ந்ததால் அடிப்படைப் படிப்பு போதவில்லை, பாடம் தலைக்குமேல் ஓடியது, ஊருக்கே போய்விடலாம் என்ற மனநிலை. ஷார்ன்ஹோர்ஸ்ட் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். படிப்பு முடிந்தபோது முதல் மாணவன் அவன்தான். உலகம் முழுக்கப் போர்க் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுகிற சிந்தனையாளராகப் பின்னால் வளர்ந்தவனும் அவனே. தன் அறிவுக்கு ஷார்ன்ஹோர்ஸ்ட்தான் தகப்பன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் கிளவுஸ்விட்ஸ்.

இத்தனைக்கும் வகுப்பில் அவர் பேச்சு இழுவையாக இருக்குமாம். எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம். நாக்கு வன்மையால் மட்டும் பேர் வாங்கிய ஆசிரியர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று.

1802 ஜனவரியில் பெர்லினில் ராணுவ சங்கம் என்று ஒன்றையும் தொடங்கினார். கட்டுரை வாசிப்பு, விவாதம். போயன், குரோல்மன் என்று பின்னால் படையை மாற்றிய பலர் அங்கே கூடியவர்கள்.

25 மே, சனி

1806 அக்டோபர் 14. ஒரே நாளில் யெனாவிலும் அவுவர்ஷ்டெட்டிலும் நெப்போலியன் படை பிரஷ்யாவை நொறுக்கியது. ஷார்ன்ஹோர்ஸ்ட் அவுவர்ஷ்டெட்டில், தலைமைத் தளபதி பிரன்ஸ்விக் கோமகனின் அலுவலகத் தலைவராக, அதாவது போர்த்திட்டம் வகுத்துத் தரும் முதன்மை உதவியாளராக (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) இருந்தார். எதிரே நெப்போலியனின் தளபதி டாவூ, பிரஷ்யர்களில் பாதிகூட இல்லாத ஆட்களோடு. கோமகனுக்குக் கண்ணில் குண்டு பட்டு வீழ்ந்தார். அப்போது ஷார்ன்ஹோர்ஸ்ட் இடது அணியில் சண்டையில் இருந்தார். மொத்தப் படைக்கும் கட்டளை கொடுக்க ஒருவரும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், என்ன செய்வார்களோ கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்ற பொருளில் அந்த அக்டோபர் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். காயத்தோடு பிரஷ்யத் தளபதி ப்ளூஷரோடு சேர்ந்து வடக்கே பின்வாங்கி, லூபெக் பக்கத்தில் பிடிபட்டு, கைதி மாற்றத்தில் வெளியே வந்தார். 1807 பிப்ரவரியில் அய்லாவ் போரில் பிரஷ்யப் படைப்பிரிவு சரியான நேரத்துக்கு வந்து ரஷ்யர்களைக் காப்பாற்றியதில் அவருக்குப் பங்கு உண்டு.

ஆனால் அவருடைய நேரம் வந்தது தோல்விக்கு அப்புறம்தான். 1807 ஜூலையில் படைச் சீரமைப்புக் குழு, தலைவர் அவர். க்னைசனாவ், குரோல்மன், பின்னர் போயன் கூட, எழுத்து வேலைக்குக் கிளவுஸ்விட்ஸ். குழுவிலேயே எதிர்ப்பாளர்களும் இருந்தார்கள். அரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் எதற்கும் தயங்குகிறவர்.

1808 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விதியை மகனை விட்டு ஜெர்மனில் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அமைதிக்காலத்தில் அதிகாரி பதவிக்கு உரிமை தருவது அறிவும் கல்வியும் மட்டுமே, போர்க்காலத்தில் வீரமும் நிலைமையைப் புரிந்துகொள்ளும் திறனும். பிறப்பு என்ற சொல்லுக்கே அங்கே வேலையில்லை. 1806-ல் சுமார் 7,000 அதிகாரிகளில் பட்டமில்லாதவர் ஏறக்குறைய 700 பேர்தான் என்ற கணக்கோடு வைத்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய அடி என்று தெரியும்.

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் இரண்டு வரிசைக்கு நடுவில் ஓடவிட்டுப் பிரம்பால் அடிக்கிற தண்டனையும் ஒழிந்தது. முதுகுக்கு விடுதலை என்று க்னைசனாவ் பத்திரிகையில் எழுதி அதற்குத் தளம் போட்டிருந்தார்.

ஓட்டையும் இருந்தது. தேர்வில் தேறினாலும் ரெஜிமென்ட் அதிகாரிகள் கூடி ஒருவரை ஏற்கவோ தள்ளவோ முடியும். பிந்திய தலைமுறைகளில் நடுத்தர வர்க்கத்தவரையும் யூதர்களையும் வெளியே நிறுத்த அந்த வழி நன்றாகப் பயன்பட்டது. தேர்வை வைத்துவிட்டு நேர்முகத்தில் கழிப்பது நமக்குத் தெரியாத கதையா?

அப்புறம் அந்த 42,000. நெப்போலியன் 1808-ல் பிரஷ்யப் படைக்கு வைத்த உச்சவரம்பு. ஒவ்வொரு கம்பெனியிலும் பயிற்சி பெற்ற சிலரை விடுப்பில் அனுப்பி, அந்த இடத்தில் புது ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி தந்துகொண்டே இருந்தார்கள். இப்படி 1,50,000 பேரை ரகசியமாகத் தயார் செய்தார் என்று பள்ளிக்கூடக் கதையாகவே ஆகிவிட்டது. ஆய்வாளர்கள் கணக்கில் 1812 வாக்கில் படையும் இந்த ஆட்களும் சேர்ந்தே அதில் பாதிக்கும் குறைவு. கதையை விட்டுவிட்டாலும் மனிதர் சிறுத்துப்போகவில்லை.

1810 அக்டோபரில் பெர்லினில் பொதுப் போர்ப்பள்ளி திறந்தது. அதே மாதம்தான் பெர்லின் பல்கலைக்கழகமும் வகுப்புகளைத் தொடங்கியது. அதன் முதல் ரெக்டர் தியோடோர் ஷ்மால்ட்ஸ், ஷார்ன்ஹோர்ஸ்டின் மறைந்த மனைவி கிளாராவின் அண்ணன். மைத்துனர்கள் இருவர், ஒரே ஊர், ஒரே மாதம், இரண்டு கல்விக்கூடங்கள். ஆனால் அந்த வருஷமே பிரெஞ்சு நெருக்குதலால் போர்த்துறைப் பொறுப்பை ஷார்ன்ஹோர்ஸ்ட் விட வேண்டியிருந்தது. மறைவில் இருந்து வேலை தொடர்ந்தது.

1 ஜூன், சனி

பெர்லின். ரயிலில் போய்க் கால் வலிக்க நடந்தோம். கால்வாய் ஓரத்தில் பழைய படைவீரர் கல்லறைத் தோட்டம். பக்கத்துத் தெருவுக்கே ஷார்ன்ஹோர்ஸ்ட் தெரு என்று பெயர். அவர் சமாதி உயரமான பீடம், அதன்மேல் தூங்கும் சிங்கம், வடிவமைப்பு கட்டடக் கலைஞர் ஷிங்கலுடையது. பெர்லின் சுவர் இந்தத் தோட்டத்துக்குள்ளேயே ஓடியிருக்கிறது, பல கல்லறைகளை அதற்காகவே பெயர்த்துவிட்டார்கள். சுவரின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது.

1813-ல் போர் மறுபடி மூண்டபோது ப்ளூஷருக்கு அலுவலகத் தலைவராகத்தான் போனார். தலைமை இம்முறையும் கிடைக்கவில்லை. ஒரு நாள் தலைமை கிடைத்தால் என் ஏழு விருதுகளையும் உயிரையும் கொடுத்துவிடுவேன் என்று மகள் யூலியாவுக்கு எழுதியிருக்கிறார். மற்றவர்களைத் தளபதிகளாக்கிக்கொண்டே இருந்தவருக்குள் இப்படி ஒரு ஏக்கம் இருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மே 2-ல் குரோஸ்கெர்ஷன் போரில் காலில் குண்டு. அப்போது அது பெரிய காயமாகத் தெரியவில்லை. ஆறவிடாமல் ஆஸ்திரியாவைக் கூட்டணிக்கு இழுக்கப் புறப்பட்டார். காயம் சீழ் பிடித்து ஜூன் 28-ல் பிராகில் இறந்தார். ஆகஸ்டில் ஆஸ்திரியா போரில் இறங்கியது.

3 ஜூன், திங்கள்

அவரை உரிமை கொண்டாடாதவர் யார்? நாஜிக் காலப் போர்க்கப்பலுக்கு அவர் பெயர். கிழக்கு ஜெர்மனியின் உயர்ந்த ராணுவ விருதுக்கு அவர் பெயர். மேற்கு ஜெர்மனி தன் புதுப் படையின் முதல் 101 பேருக்குப் பணி ஆணை கொடுத்த நாள் 1955 நவம்பர் 12, அவருடைய இருநூறாவது பிறந்தநாள். வாயில்லாதவர் என்றால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கத்தான் செய்வார்கள்.

1810-ல் அவர் தொடங்கிய போர்ப்பள்ளிக்கு 1818-ல் கிளவுஸ்விட்ஸ் இயக்குநரானார். ஆனால் பாடத்திட்டத்தில் கை வைக்க அதிகாரமில்லை, நிர்வாகக் கோப்பில் கையெழுத்து மட்டும். அதனால் காலையில் மனைவியின் அறையில் உட்கார்ந்து தன் எழுத்து வேலையைப் பார்த்தார். பள்ளியின் பெயர் 1859-ல் மாறியது, 1872-ல் தலைமைப் படையலுவலகத்தின் (ஜெனரல் ஸ்டாஃப்) கைக்குப் போனது. இயற்பியலும் வரலாறும் இலக்கியமும் கலந்த அந்தப் பழைய அகலமான பாடத்திட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் போர் நடத்தும் தொழிலைச் சொல்லிக்கொடுக்கிற இடமாக மட்டும் ஆகிவிட்டது. அவர் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார் என்கிறான் மகன். அந்த அரசரின் தயக்கத்தையும் அடுத்து வந்தவர்களையும் பார்க்கும்போது, விடாமல் இருக்க அவரை விட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம்.