எதைத் தொடக்கூடாது என்று கேட்டவர்

என் நான்கு ஏக்கர் நிலத்தில் பாதிக்கு மேல் உன்னிச்செடி (லான்டானா) என்ற களைப்புதர் மூடிக் கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் இந்த மண்ணின் புதரான விராலியும் உயரமான புல்லும் பிழைத்திருந்தன. நிலத்தைப் பழையபடி புல்லும் புதருமாகத் திருப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டு, "சுத்தம் பண்ணிக் கொடுங்கள்" என்றேன்.

அவர் கட்டட மனைகளைச் சமன் செய்து தருகிறவர். பொக்லைன் காலையில் வந்தது. நான் மதியம் போனபோது உன்னியும் இல்லை, அந்த மூலையும் இல்லை. கோபப்படவும் வழியில்லை, 'நிலத்தைச் சுத்தம் செய்தல்' என்றுதான் தாளில் இருந்தது. பணத்தையும் முன்பே முழுசாகக் கொடுத்திருந்தேன். அடுத்த மழைக்கு, சக்கரம் அழுத்தின தடங்களில் தண்ணீர் தேங்கி நின்றது. புரட்டிப் போட்ட மண்ணில் வெளிச்சம் பட்டதும் உன்னி விதைகள் பாய் விரித்ததுபோல் முளைத்தன. மண்ணுக்குள் தங்கிவிட்ட தூர்களும் துளிர்த்தன. அன்று ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிழைத்திருந்த ஒரே இடத்தை நானே காசு கொடுத்து அழித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் யாரையும் கூப்பிடவில்லை. படித்தேன், நிலத்தில் நடந்தேன். வேலி ஓரமாகப் புல்லும் விராலியும் ஒரு பட்டையாகத் தப்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்ற சகோதரிகள் சிட்னியில் 1960-களில் களை மண்டிய புதர்க்காட்டை மீட்கச் செய்த வேலையைப் பற்றித் தெரிந்துகொண்டதும் அந்த நாட்களில்தான். அவர்கள் சொன்னது இதுதான்: களை மண்டிய இடத்தில் தொடங்காதே, நல்ல செடிகள் இருக்கும் இடத்தில் தொடங்கி வெளியே நகரு. மண்ணை முடிந்தவரை கலைக்காதே. மண்ணின் செடிகள் எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகின்றனவோ அதே வேகத்தில் களையை எடு. இதைப் படித்த பிறகு என் வேலிப் பட்டையை வேறு கண்ணோடு பார்த்தேன். வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்புறம் இரண்டு பக்கத்துக்கு வேலை விவரம் எழுதி, மூன்று பேரிடம் விலை கேட்டேன். நிலத்தை நடந்து பார்க்காமல் கொட்டேஷன் தரக்கூடாது என்பது முதல் நிபந்தனை. ஒருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியிலேயே தொகை சொன்னார். அவரை அப்போதே விட்டுவிட்டேன். இன்னொருவர் மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நடலாம் என்றார். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை, காடு இருந்த இடத்தில் காட்டைத் திரும்பக் கொண்டுவர உருவானது. என் நிலம் வெயில் விழும் புல்வெளி. நெருக்கமான நிழல் விழுந்தால் முதலில் சாவது புல்தான்.

மூன்றாவது ஆள் வந்ததும் கேட்டது இதுதான்: "முதல்ல காட்டுங்க, எதையெல்லாம் தொடக்கூடாது?" மூன்று மணி நேரம் கூடவே நடந்தார். அவர் செய்த நிலங்களில் போன மாதம் முடிந்ததை வேண்டாம் என்று சொல்லி, மூன்று வருடம் முன் முடிந்த ஒன்றைக் காட்டச் சொன்னேன். புதிதாக வெட்டிய இடம் யார் செய்தாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த நில உரிமையாளர், "வேலை முடிந்த பின்னாடியும், களை எடுக்க வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்தார்கள்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மரம் வெட்டவும் ஓடைக்கரையில் வேலை செய்யவும் அனுமதி வேண்டுமா என்பதை உரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே ஒப்பந்தத்துக்கு வந்தோம். செடிகளை அறிவியல் பெயரோடு எழுதினோம். ஒரே வட்டாரப் பெயரில் இரண்டு மூன்று செடிகள் இருக்கும், நாற்றுப்பண்ணையில் எது கையில் இருக்கிறதோ அது வந்து சேரும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று நட வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம். விதை, சுற்றுவட்டாரத்து இயற்கை நிலங்களிலிருந்து. இதற்காக நாற்று ஒரு பருவம் முன்பே சொல்லி வைக்க வேண்டியிருந்தது. வேறு நிலத்துக் களை விதை கூடவே வந்துவிடும் என்பதால் வண்டியும் கருவிகளும் கழுவித்தான் உள்ளே வர வேண்டும். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் புதர் வெட்டக்கூடாது. எட்டு இடத்தில் கல் நட்டு, அதே கல்லிலிருந்து அதே திசையில் பருவத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும். தொகையில் 20 சதவீதம் இரண்டாம் வருட முடிவில்தான்.

நட்டதில் 80 சதவீதம் பிழைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். அதற்கு மட்டும் அவர் மறுத்தார். மழை அவர் கையில் இல்லை. யோசித்துப் பார்த்தால் வேறொரு சிக்கலும் இருந்தது. பிழைப்புக்கு மட்டும் காசு என்றால் எங்கே நட்டாலும் சாகாத நாலு வகையையே யாரும் நடுவார்கள், அரிதானவை வராது. ஆகவே எத்தனை தடவை தண்ணீர் விட்டார், எத்தனை தடவை களை எடுத்தார் என்பதற்குப் பணம் என்று மாற்றினோம். அவர் சொன்னதுதான் நியாயம்.

உன்னியை எடுக்க, டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு குழுவினர் கார்பெட் புலிகள் காப்பகத்தில் கையாண்ட முறையை எடுத்துக்கொண்டோம். மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். துளிர்க்கும் பகுதி மண்ணோடு சேராமல் காய்ந்துவிடும். மண்ணும் அதிகம் கலையாது.

முதல் வாரம் இது சரியாக நடக்கவில்லை. பரப்பளவுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்ததால், ஆட்கள் வேகத்துக்காக மண்ணுக்கு மேலேயே வெட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கு அப்படித்தான் செய்யத் தூண்டியது. அந்தப் பகுதிக்கு மட்டும் நாள் கூலி என்று மாற்றியதும் கடப்பாரை நிதானமாக இறங்கியது. செடி தெரிந்த மேற்பார்வையாளர் ஒருநாள் வரவில்லை, அன்றைக்கே இளம் விராலிக் கன்றுகள் சில களையோடு போய்விட்டன. மறுநாளிலிருந்து அவர் இல்லாமல் வேலை இல்லை என்று ஒப்பந்தத்தில் சேர்த்தோம். காப்பாற்ற வேண்டிய எல்லையைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினோம்.

செலவில் பெரும்பங்கு, நான் நினைத்ததற்கு மாறாக, வெட்டிய பிறகுதான் ஆனது. உன்னிப் பழத்தைத் தின்ற பறவைகள் மரக்கிளையில் உட்கார்ந்து எச்சமிடுவதால் பழைய மரங்களின் அடியில்தான் புதுக்கன்று கொத்தாக முளைக்கும். மழை விட்டு மண் ஈரமாக இருக்கும்போது கையாலேயே வேரோடு வந்துவிடும். பூத்துக் காய்ப்பதற்குள் பிடுங்கிவிட வேண்டும். வருடத்துக்கு மூன்று முறை வந்தார்கள்.

இரண்டாம் வருட முடிவில், கடைசித் தொகைக்காக அவரும் நானும் எட்டுக் கற்களையும் சுற்றி வந்தோம். வேலிப் பக்கம் நாடா வெளுத்துப் போயிருந்தது. புல் அதைத் தாண்டிப் பத்து அடிக்கு மேல் வெளியே வந்திருந்தது, நடுவில் யாரும் நடாத விராலிக் கன்றுகள். அங்கேயே பணத்தைக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். இருவருமாகப் புல் நின்ற இடத்துக்குத் தள்ளிக் கட்டினோம்.