அணைக்கரையில் பேசிப் பழகினோம்

இரண்டாவது மகள் பிறந்த ஐந்தாம் மாதத்தில்தான் என் கணவரிடம் "வலிக்கிறது" என்று முதன்முதலாகச் சொன்னேன். அதற்கு முந்தைய ஏழு ஆண்டுத் திருமண வாழ்வில், எங்கள் தாம்பத்திய உறவில் எது இதமாக இருக்கிறது, எது இல்லை என்று நாங்கள் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. கிருஷ்ணகிரியில் எங்கள் வீடு சிறியது. மாமியாரின் கட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கணவர் ஓசூர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து 50 கிலோமீட்டர் பயணம் செய்து வந்து சேர்வார். ஆயினும் இடமும் நேரமும் இருந்திருந்தாலும் நாங்கள் பேசியிருக்க மாட்டோம். வசைச்சொற்களும் மருத்துவச் சொற்களும் தெரிந்த எங்களுக்கு, கணவனும் மனைவியும் கூசாமல் சொல்லிக்கொள்ளும் சொற்களை யாரும் கற்றுத்தரவில்லை.

அன்றிரவு நான் வலியைச் சொன்னேன். அவரோ தம்மைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டார். மூன்று வாரங்கள் என் பக்கம் திரும்பிப் படுக்கவே இல்லை.

மகப்பேறு மருத்துவர் அவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்தது எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டு உறவின்போது வலிக்கக்கூடும் என்றும், அதற்கு நீர் சார்ந்த ஜெல் உதவும் என்றும், லேடெக்ஸ் என்ற ரப்பரால் ஆன ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் பயன்படுத்தினால் உறை பலமிழந்து கிழியக்கூடும் என்றும் அவர் விளக்கினார். பிறகு, அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பயிற்சியைச் சொல்லித்தந்தார். சில வாரங்கள் உடலுறவை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் தொட்டுப் பழக வேண்டும். தொடப்படுபவர் தொடுபவரின் கைமேல் தம் கையை வைத்து, எங்கே, எவ்வளவு மென்மையாக என்பதைக் காட்டலாம். சுவருக்கு அப்பால் ஒருவர் உறங்கும் வீட்டில், சொல்லில்லாத இந்த வழி எங்களுக்கு மிகவும் பொருந்தியது.

சொற்களுக்கு வேறு இடம் தேவைப்பட்டது. ஞாயிறு மாலைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு, தென்பெண்ணையாற்றின் குறுக்கே கட்டிய கிருஷ்ணகிரி அணைக்குப் போய் அமர்ந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் தண்ணீரைப் பார்த்தபடி பேசியது கூச்சத்தைக் குறைத்தது. "நீங்கள் எப்போதும் அவசரப்படுகிறீர்கள்" என்று நான் தொடங்கிய நாளில் பேச்சு அத்துடன் நின்றுபோனது. அடுத்த வாரம், "அன்று என் முதுகை வருடிக்கொண்டே இருந்தீர்களே, அது எனக்குப் பிடித்திருந்தது, இன்னும் சற்று நேரம் அப்படியே இருக்கலாம்" என்றேன். அதை அவர் மறக்கவில்லை.

காதுகொடுத்துக் கேட்பதுதான் இதில் மிகக் கடினம் என்பதை என் முறை வந்தபோது அறிந்தேன். "நான் அருகில் வந்தால் நீ கடிகாரத்தைப் பார்க்கிறாய். நீயாக என்னை ஒருநாளும் தொட்டதில்லை, எனக்கு அது வேண்டும்" என்றார். உடனே நான் பாத்திரங்கள், பிள்ளைகள், தூக்கமில்லாத இரவுகள் என அடுக்கினேன். நான் சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் அவர் ஓர் ஏக்கத்தைச் சொல்ல, நான் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு வாதாடியிருந்தேன். அந்த மூன்று வாரங்களில் அவர் செய்ததும் இதுதான். மறு ஞாயிறு அதையே மீண்டும் சொல்லச் சொல்லி, குறுக்கிடாமல் கேட்டு, எனக்குப் புரிந்ததை அவரிடமே திருப்பிச் சொன்னேன். அவர் வெகுநேரம் என் கையை விடவில்லை.

வலி குறையப் பல மாதங்கள் ஆயின. வலியைப் பொறுத்துக்கொள்வது மனைவியின் கடமை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம். மகளுக்கு இப்போது மூன்று வயது. மாமியாரின் கட்டில் அதே சுவரோரம்தான் இருக்கிறது. கணவரின் கையை நான் ஒருமுறை அழுத்தினால் மெதுவாக என்றும், இருமுறை அழுத்தினால் போதும் என்றும் பொருள். இருமுறை அழுத்திய இரவுகளில் அவர் ஏன் என்று கேட்பதில்லை. நானே ஞாயிற்றுக்கிழமை சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.