கணுக்கால் சுளுக்கு: வலி போனதும் களத்தில் இறங்காதீர்கள்

துள்ளிப் பந்தைப் பிடித்துவிட்டுத் தரையிறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்கிவிடும். சில நிமிடங்களில் வெளிக்கணுவுக்கு முன்னால் புடைத்துக்கொள்ளும். நரம்பு பிசகிவிட்டது என்பார்கள். நரம்பு எங்கும் போகவில்லை. எலும்போடு எலும்பைப் பிணைத்திருக்கும் லிகமென்ட்தான் இழுபட்டோ கிழிந்தோ போயிருக்கிறது.

எலும்பு முறிந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு ஒட்டாவா விதி என்று ஒன்று உண்டு. 1992இல் கனடாவில் வகுத்தது. அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவர் பார்க்கும்போதும் சரி, நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். நொண்டி நடந்தாலும் நடந்த கணக்குதான். கணு எலும்பின் நுனியிலோ, பின்விளிம்பில் அங்கிருந்து மேலே 6 செ.மீ. வரையிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அப்போதும் எடுக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம், பாதத்தின் நடுவில் துருத்தி நிற்கும் எலும்பையும், உள்பக்கம் கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் எலும்பையும் மறக்காமல் அழுத்திப் பாருங்கள்.

முறிவு இல்லையென்றால், முதல் இரண்டு மூன்று நாள் ஐஸை துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். ஐஸ் வலியைத்தான் குறைக்கும், கிழிந்ததை ஒட்டவைக்காது. கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். அழுத்தி உருவிவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கிழிந்த இடத்தில் ரத்தக்கசிவு கூடும்.

அதற்காக வாரக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்திருப்பதும் தப்பு. வலி தாங்குகிற அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம், ஊன்றியும் நடக்கலாம்.

பலரும் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகள் லிகமென்ட்டுக்குள்ளும் இருக்கின்றன. அதோடு சேர்ந்து அவையும் அடிபடுகின்றன. வலி போன பிறகும் அந்தத் தகவல் தாமதமாகவே போகும். பாதம் மடங்கத் தொடங்கியதும் வெளிக்கெண்டைத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும், அது பிந்திவிடுகிறது. அதே கால் மறுபடி மறுபடி சுளுக்குவதற்கு இது பெரிய காரணம்.

இதற்கு மருந்து ஒற்றைக்கால் நிற்றல். சுவரோரமாக வெறுங்காலில் 30 விநாடி, மூன்று முறை, தினமும். ஆடாமல் நிற்க முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். முதல் நாள் ஐந்து விநாடியில் கணுக்கால் தடதடவென ஆடும். நன்றாக இருக்கும் காலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அடுத்தது மெத்தென்ற தலையணை மேல். கூடவே குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி, 15 முறை வீதம் மூன்று சுற்று.

அடிபட்ட காலில் மட்டும் பத்து முறை குதித்து, எட்டு வடிவில் வளைந்து வளைந்து ஓடி, வலியும் தடுமாற்றமும் இல்லையென்றால் ஆடப் போகலாம். லேசான சுளுக்குக்கு ஓரிரு வாரம் போதும். நன்றாகக் கிழிந்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும். திரும்பி வந்த பிறகும் சில மாதங்கள் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும், கயிறு கட்டும் பிரேஸ் போட்டே ஆடுங்கள். ஒற்றைக்கால் பயிற்சியையும் வார்ம்அப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு கால்களுக்குமே.